சொல்லச் சொல்ல நிலைக்கும் படம்

உங்களுக்கு மிகவும் பிடித்த திரைப்படம் எது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். படத்தின் பெயரைச் சொன்ன கையோடு அவர் ஏதாவது ஒரு காட்சிக்குத் தாவிவிடுவார். ரயில் போன பிறகும் நடைமேடையை விட்டு நகராமல் நிற்கும் ஒரு முதியவர், நெடுநாள் பேசிக்கொள்ளாதிருந்த தந்தையும் மகளும் ஒரே குடைக்குள் நடந்துபோகும் சில நொடிகள், வசனம் ஏதுமின்றி இசை மட்டும் ஒலிக்கும் ஒரு முடிவு என்று அது எதுவாகவும் இருக்கலாம். இரண்டரை மணி நேரப் படத்தில் அவர் விவரிப்பது இரண்டு நிமிடத்திற்குக்கூட வராது. ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிகிறது, கைகள் காற்றில் அந்தக் காட்சியை வரைகின்றன, கேட்பவரும் அதை உடனே பார்த்தாக வேண்டும் என்ற தவிப்பு முகத்தில் தெரிகிறது.

படம் மனத்தில் நின்றுவிட்டது, ஆகவே அதைப் பற்றிப் பேசுகிறோம் என்றுதான் நாம் இயல்பாக எண்ணுகிறோம். அது உண்மையில் ஒரு பாதி மட்டுமே. பேசுவதாலும் அது நிற்கிறது என்பது மறுபாதி. திரைப்படங்களையே சோதனைப் பொருளாகக் கொண்டு உளவியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வுகள் இந்த மறுபாதியைத் துலக்கமாகக் காட்டுகின்றன. அதைப் புரிந்துகொள்ள, படம் மனத்திற்குள் எப்படி நுழைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே கற்றதில் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது. 2007-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 27 நிமிடப் படம் ஒன்றைப் பலருக்குத் திரையிட்டார்கள். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் தொடங்கி ஒன்பது மாதம் வரை வெவ்வேறு இடைவெளிகளில் வெவ்வேறு குழுக்களைச் சோதித்தபோது, மாதக்கணக்கில் கழிந்த பின்னும் படத்தின் பல நிகழ்வுகள் அவர்கள் நினைவில் இருந்தன. முயன்று கற்ற அசைகள் கரைய, முயலாமல் பார்த்த படம் தங்கியது. அசைகளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கதையிலோ ஒவ்வொரு நிகழ்வும் முந்தையதைப் பற்றிக்கொண்டு வருகிறது. கொடியில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் உடன் வருவது போல, கதையில் ஒன்றை நினைத்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது.

இந்தப் பிணைப்பை மூளை எப்படிக் கட்டுகிறது? திரையில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடினாலும், மூளை அவற்றை அப்படியே வாங்கி அடுக்கிவைப்பதில்லை. ஜெஃப்ரி ஸாக்ஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் விளக்கியபடி, இடையறாது ஓடும் அனுபவத்தை மூளை நிகழ்வுகளாக நறுக்குகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று அது ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. இடம் மாறும்போதோ, புதியவர் ஒருவர் நுழையும்போதோ, பாத்திரத்தின் நோக்கம் திசைதிரும்பும்போதோ கணிப்பு தடுமாற, அங்கே ஓர் எல்லை விழுகிறது. நினைவுகளை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி, படம் பார்ப்பவர்களிடம் இத்தகைய எல்லைகளில்தான் விறுவிறுப்படைகிறது. ஒரு நிகழ்வு முடிந்ததும் அதை மூட்டையாகக் கட்டி உள்ளே அனுப்புகிறது என்று கொள்ளலாம். பிடித்த படத்தைக் கதையாகச் சொல்லாமல் காட்சிகளாகச் சொல்கிறோம் என்றால், அது உள்ளே போனபோதே காட்சிகளாகக் கட்டப்பட்டிருந்தது என்பதே காரணம்.

ஆனால் கட்டப்பட்ட எல்லா மூட்டைகளும் ஒன்றுபோல் நிலைப்பதில்லை. எது நிலைக்கும் என்பதில் உணர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. இதை மிக நேர்த்தியாகக் காட்டிய சோதனை 1994-இல் வெளியானது. கலிஃபோர்னியாவின் அர்வைன் நகரப் பல்கலைக்கழகத்தில் லாரி கேஹில், ஜேம்ஸ் மெகாஃப் ஆகியோர் குழுவினர் ஒரே வரிசைப் படங்களை இரண்டு கதைகளோடு காட்டினார்கள். ஒரு கதையில், தாயுடன் தந்தையின் பணியிடமான மருத்துவமனைக்குச் செல்லும் சிறுவன் அங்கே நடக்கும் விபத்து ஒத்திகையைப் பார்க்கிறான். மற்றதில், வழியில் வாகனம் மோதி அந்தச் சிறுவனே படுகாயமுற்று அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இரண்டாவது கதையின் உணர்ச்சிமிக்க பகுதியை மக்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். இதுவரை வியப்பில்லை. கதைக்கு முன்பாகப் புரோப்ரனோலால் என்ற மருந்தைச் சிலருக்குக் கொடுத்திருந்தார்கள். நெஞ்சு படபடக்கச் செய்யும் அட்ரினலின் வகை ஹார்மோன்களின் விளைவை இம்மருந்து தடுக்கும். அதை உட்கொண்டவர்களிடம் அந்தக் கூடுதல் நினைவு காணப்படவில்லை. சாதாரணக் கதையை மற்றவர்களைப் போலவே நினைவுகூர்ந்தார்கள். விபத்துக் கதைக்குரிய தனிச்சலுகை மட்டும் மறைந்துபோயிருந்தது.

நெஞ்சு அடித்துக்கொள்வதும் நினைவு பதிவதும் ஒரே இயக்கத்தின் இரு முகங்கள் என்பது இதனால் விளங்குகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து இதே ஆய்வாளர்கள் மூளைப் படப்பிடிப்பின் துணையோடு பார்த்தபோது, உணர்ச்சிமிக்க படத்துணுக்குகளைப் பார்க்கும் வேளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி யாரிடம் கூடுதலாக இயங்கியதோ, அவர்களே மூன்று வாரம் கழித்து அதிகமான துணுக்குகளை நினைவுகூர்ந்தார்கள். பாதாம் பருப்பின் வடிவில் உள்ள இந்த அமிக்டலா, அருகிலுள்ள ஹிப்போகேம்பஸுக்கு இது முக்கியம், விட்டுவிடாதே என்று சொல்வது போல் செயல்படுகிறது. திரையில் நடப்பது கற்பனை என்று நமக்குத் தெரிந்திருந்தும் உடல் அதை நிகழ்வதாகவே எடுத்துக்கொள்கிறது என்பதை நினைக்கும்போது, கதைக்காக நாம் சிந்தும் கண்ணீரை யாரும் எளிதாக எண்ணக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தின் நீளம் நினைவில் பெரிதாகப் பங்கு பெறுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டேனியல் கானமன் இருவரும் 1993-இல் இன்பமான, அருவருப்பான படத்துணுக்குகளைக் குறுகியதாகவும் நீண்டதாகவும் காட்டிப் பின்னர் மதிப்பிடச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் ஓடியது என்பது மதிப்பீட்டை மிகச் சிறிதளவே மாற்றியது. உணர்ச்சி உச்சத்தைத் தொட்ட கணமும் முடிந்த கணமுமே பெரிதும் கணக்கில் வந்தன. நடுவில் தொய்ந்த படங்களை, அவற்றின் உச்சக்காட்சிக்காகவே நாம் ஆண்டுக்கணக்கில் போற்றுவது இதனால்தான்.

இனி, முன்பின் அறியாத இருவர் சந்திக்கும்போது, ஒருவர் ஒரு படத்தின் பெயரைச் சொல்ல, மற்றவர் அதே காட்சியை நினைத்துப் பூரிப்பது எப்படி என்று பார்க்கலாம். 2004-இல் ஊரி ஹாசன் குழுவினர், 1966-இல் வெளிவந்த ஒரு படத்தின் அரை மணி நேரப் பகுதியை ஐந்து பேருக்குத் தனித்தனியே மூளை ஸ்கேன் கருவிக்குள் காட்டினார்கள். எங்கே பார்க்க வேண்டும், என்ன நினைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியின் பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு, ஐவரிடமும் ஒரே நேரத்தில் ஏறியும் இறங்கியும் ஒத்து இயங்கியது. பின்னர் வெவ்வேறு படங்களை ஒப்பிட்டபோது, ஹிட்ச்காக் இயக்கிய தொலைக்காட்சிக் கதை ஒன்று புறணியின் 65 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை ஒத்திசைய வைத்தது. ஒரு பூங்காவில் கேமராவை நிறுத்திவைத்து வெட்டாமல் எடுத்த பதிவு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கண் முன்னே மனிதர்கள் நடமாடுவது மட்டும் போதாது. எங்கே அண்மைக்காட்சி, எங்கே அமைதி, எதை எப்போது மறைப்பது என்ற இயக்குநரின் தேர்வுகள்தாம் பல மூளைகளை ஒரே தாளத்திற்குக் கொண்டுவருகின்றன. கண் இமைப்பதில்கூட இந்த ஒற்றுமை உண்டு. கதையுள்ள காணொளியைப் பார்ப்பவர்கள், எதையும் தவறவிட வாய்ப்பில்லாத சிறு இடைவெளிகளில் ஏறக்குறைய ஒன்றாகவே இமைக்கிறார்கள் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தார்கள்.

ஆக, படம் பார்த்து முடிக்கும்போது பலரிடமும் ஒத்த தழும்பு ஒன்று விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கும் பகுதி.

நினைவுகூர்தல், பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவது போன்ற செயல் என்று தோன்றலாம். ஹென்ரி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை அந்தத் தோற்றத்தைக் கலைக்கிறது. மாணவர்களுக்கு இரண்டு பகுதிகளைப் படிக்கக் கொடுத்து, ஒன்றை மீண்டும் படிக்கவும், மற்றதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் படித்தவற்றில் 42 விழுக்காடு எஞ்சியிருக்க, நினைவிலிருந்து எழுதியவற்றில் 56 விழுக்காடு எஞ்சியிருந்தது. உள்ளேயிருந்து ஒன்றை எடுக்கும் முயற்சியே அதை ஆழப்படுத்துகிறது. நண்பரிடம் ஒரு காட்சியை வர்ணிக்கும் ஒவ்வொரு முறையும் இதே பயிற்சியைத்தான், பயிற்சி என்றே தெரியாமல், செய்துகொண்டிருக்கிறோம்.

அப்படிச் சொல்லும்போது மூளையில் நடப்பதை ஜானிஸ் சென் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு படம்பிடித்தது. 50 நிமிடத் தொலைக்காட்சிக் கதையைப் பார்த்தவர்கள், ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடியே அதைத் தத்தம் சொற்களில் வாய்விட்டுச் சொன்னார்கள். ஒரு காட்சியைப் பார்த்தபோது எழுந்த மூளைச் செயல்பாட்டு வடிவம், அதைச் சொல்லும்போது மீண்டும் எழுந்தது. அதைவிட நுட்பமான ஒன்றும் தெரியவந்தது. மூளையின் சில பகுதிகளில், ஒருவர் சொல்லும்போது எழுந்த வடிவம், அக்காட்சியைப் பார்த்தபோது எழுந்ததைவிட, அதே காட்சியைச் சொல்லும் மற்றொருவரின் வடிவத்தோடு நெருங்கியிருந்தது. பார்த்தது சொல்லாக மாறும்போது அனைவரிடமும் ஒரே திசையில் உருமாறுகிறது. உதிர வேண்டியவை உதிர்ந்து, பிறரிடம் கொடுக்கக்கூடிய வடிவத்தை அடைகிறது.

இளமையில் பார்த்த படங்கள் பிடித்தவற்றின் பட்டியலில் பெரும் இடம் பெறுவதற்கும் இப்படித் திரும்பத் திரும்ப அவற்றுக்குப் போவதே ஒரு காரணம். பசுமரத்தாணி என்று நம் மொழி சொல்வதை, வளரிளம் பருவத்து, இருபதுகளின் நினைவுகள் மற்ற வயதுகளின் நினைவுகளைவிட மிகுதியாக எஞ்சுவதால், நினைவு ஆய்வாளர்கள் நினைவு மேடு என்கிறார்கள். 2007-இல் ஸ்டீவ் ஜான்சன் குழுவினர், பிடித்த புத்தகம், திரைப்படம், இசைத்தொகுப்பு ஆகியவற்றில் மும்மூன்றைப் பலரிடம் கேட்டு, அவற்றை எந்த வயதில் சந்தித்தார்கள் என்றும் கேட்டார்கள். மூன்றிலும் இளமை மேடு தெரிந்தது. இசையில் அது மிகப் பெரியதாக இருந்தது. புத்தகத்தைச் சில முறைதான் படிக்கிறோம், படத்தை அதைவிடக் கூடுதலாகப் பார்க்கிறோம், பாட்டையோ எண்ணற்ற முறை கேட்கிறோம் என்பதே அவர்கள் தரும் விளக்கம். மரம் பசுமையாக இருந்ததால் ஆணி எளிதில் இறங்கியது உண்மைதான்; அதை மீண்டும் மீண்டும் அடித்ததும் நாமேதான்.

மீண்டும் அடிக்கும்போது ஆணி சற்றே சாயவும் செய்யும். பிரிட்டிஷ் உளவியலாளர் ஃப்ரெடெரிக் பார்ட்லெட், அயல்நாட்டு நாட்டார் கதை ஒன்றைத் தம் மாணவர்களிடம் கொடுத்து இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, அவர்களுக்குப் பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்தன, பழக்கமானவை உள்ளே புகுந்தன. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று அவர் 1932-இல் எழுதினார். பிறர் சொல்வதும் இந்தக் கட்டுமானத்தில் செங்கல்லாகச் சேர்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐவர் ஐவராக அமர்ந்து ஒரு படத்தைப் பார்த்தவர்களிடம், சில நாள் கழித்து, உடன் பார்த்தவர்கள் அளித்தவை என்று தவறான விடைகளைக் காட்டினார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டுத் தருணங்களில், முன்பு சரியாகச் சொன்னவர்களும் தவறுக்கு இணங்கினார்கள். அந்த விடைகள் கணினி தன்போக்கில் உருவாக்கியவை என்று பின்னர் சொன்ன பிறகும், அப்பிழைகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு நீங்காமல் நினைவாகவே தங்கிவிட்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் மழையில் நடப்பதாக நண்பர்கள் பேசிவந்த காட்சியை மறுபடி பார்க்கையில், அங்கே வெயில் அடிப்பதைக் கண்டு அனைவரும் ஒருசேரத் திகைப்பது இப்படித்தான் நேர்கிறது. இதைக் குறை என்று நான் கருதவில்லை. அந்த மழை அவர்கள் கூடிப் பேசிய மாலைகளிலிருந்து வந்தது. படத்தோடு அந்த நட்பும் நினைவில் பின்னிக்கொண்டிருக்கிறது.

சென் குழுவினரின் ஆய்வுக்கு ஒரு தொடர்ச்சியும் 2017-இலேயே வெளிவந்தது. பார்த்த ஒருவர் கதையைச் சொல்லியதன் ஒலிப்பதிவை, அதைப் பார்த்தே இராதவர்கள் ஸ்கேன் கருவிக்குள் கேட்டார்கள். திரை இல்லை, முகங்கள் இல்லை, இசை இல்லை; ஒரு குரல் மட்டுமே இருந்தது. இருந்தும் காட்சிக்குக் காட்சி, பார்த்தவர்களின் மூளையில் எழுந்த செயல்பாட்டு வடிவங்களோடு ஒத்தவை கேட்டவர்களிடமும் எழுந்தன. கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்களிடம் அந்த ஒப்புமை மேலும் நெருக்கமாக இருந்தது. தாம் பிறப்பதற்கு முன் வெளிவந்து பிரதியே கிடைக்காமல் போன ஒரு படத்தை, அம்மாவோ மாமாவோ சொல்லக் கேட்டு, கண்ணால் கண்டதைப் போலத் தம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போதும் குரல் அதே இடத்தில்தான் தணிகிறது.