நாய்க்குமா ஃபுளூ ஊசி?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போக டிக்கெட் பார்க்க ஆரம்பித்தாலே எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி, புட்டுவை எங்கே விடுவது என்பதுதான். புட்டு எங்கள் ஷி ட்ஸூ வகை நாய். ஏழு வயது, வெள்ளை நிறம், குழாயிலிருந்து இப்போதுதான் தள்ளிவிட்ட மாதிரி ஓர் உடம்பு. இந்த முறை நியூஜெர்சியில் இருக்கும் அக்கா ஃபோனில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துவிட்டாள். "அவனுக்கு ஃபுளூ ஊசி போட்டியா? இங்கே நாய்க் காப்பகத்துல அது இல்லாம உள்ளேயே விடமாட்டாங்க."

நாய்க்குமா ஃபுளூ ஊசி என்று சிரித்துக்கொண்டே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் ஒட்டிய ஸ்டிக்கர்கள், அவற்றில் டிஹெச்பிபிஐ என்று ஐந்து எழுத்து. கடைசியில் இருக்கும் 'பிஐ'யைக் காட்டி, "இதோ இருக்கே இன்ஃபுளுவென்சா" என்றார் கணவர். இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் இல்லை. 'பிஐ' என்பது பாராஇன்ஃபுளுவென்சா. பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது வேறு குடும்பத்து வைரஸ், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற நோயின் வைரஸுக்குத்தான் சொந்தம். வேப்பிலையும் கறிவேப்பிலையும் மாதிரி. அந்த ஊசி ஃபுளூவைத் தடுக்காது.

நாய் ஃபுளூ ஒன்றும் அவ்வளவு பழைய நோய் இல்லை. 2004-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பந்தய கிரேஹவுண்ட் நாய்கள் வரிசையாக இருமி விழுந்தன. என்னவென்று பார்த்தால், 40 வருஷமாகக் குதிரைகளிடம் சுற்றிக்கொண்டிருந்த ஹெச்3என்8 என்ற ஃபுளூ வைரஸ் நாய்க்குத் தாவியிருந்தது. அதற்கடுத்த சில வருஷங்களில் பறவைகளிடமிருந்து வந்த ஹெச்3என்2 என்ற இன்னொரு வகை சீனாவிலும் தென்கொரியாவிலும் நாய்களைப் பிடித்தது. 2012-ல் தாய்லாந்து, 2015-ல் சிகாகோ. சிகாகோவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்கள் படுத்தன. இப்போது பேசப்படுவது பெரும்பாலும் இந்த ஹெச்3என்2-தான்.

குதிரைக்கும் கோழிக்கும் வருவது நாய்க்கு ஏன் வர வேண்டும்? ஃபுளூ வைரஸின் மேலே முள் முள்ளாக ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்குழாய்ச் செல்களின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை அது பற்றிக்கொண்டால்தான் வைரஸால் உள்ளே நுழைய முடியும். அந்தச் சர்க்கரை கோத்திருக்கும் விதம் பிராணிக்குப் பிராணி மாறும். பறவை, குதிரை, நாய் மூன்றுக்கும் அது பெருமளவு ஒரே மாதிரி. மனிதர்களின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வேறு மாதிரி. நாய் ஃபுளூ மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை பதிவு இல்லாததற்கு இது ஒரு காரணம்.

நமக்கு வருஷா வருஷம் சளிக்காய்ச்சல் வந்து வந்து உடம்பு ஓரளவு பழகியிருக்கிறது. நாய்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதனால் வைரஸ் ஒரு கூட்டத்துக்குள் புகுந்தால் கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் தொற்றும். சுமார் 80 சதவீதம் இருமும், மீதி 20 சதவீதம் ஒன்றுமே தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டு பரப்பும். இருமல் துளிகள் மட்டும் இல்லை, வைரஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் 48 மணி நேரம், நம் சட்டையில் 24 மணி நேரம், கையில் 12 மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். ஹெச்3என்2 வந்த நாய் தேறிய பிறகும் விட்டு விட்டு வைரஸை வெளியேற்றும் என்பதால் குறைந்தது 21 நாள் தனியே வைக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். சிலவற்றுக்குப் பாக்டீரியாவும் சேர்ந்து நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இறப்பு 10 சதவீதத்துக்கும் கீழேதான். (நாய் இருமுகிறதே என்று வீட்டில் இருக்கும் பனடோலை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அதன் ஈரல் தாங்காது.)

சரி, ஊசி என்ன செய்கிறது? அதில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். முதல் ஊசி உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசியில்தான் எதிர்ப்பொருள் ஏராளமாகச் சுரக்கும். அதற்கும் மேல் இரண்டு வாரம் ஆகும் முழுப் பலன் கிடைக்க. நாளைக்கு விடுதியில் விடப்போகிற நாய்க்கு இன்றைக்குப் போட்டுப் பயனில்லை, ஒன்றரை மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும். அப்புறம் வருஷத்துக்கு ஒன்று.

இன்னொரு விஷயம், தோலுக்கடியில் போடும் இந்த ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில்தான் அதிகம் ஓடும். ரத்தம் பாயும் நுரையீரலுக்கு அது நல்ல காவல். மூக்கின் ஈரச்சவ்வில் வேலை செய்வது வேறு வகை எதிர்ப்பொருள், அது இந்த ஊசியில் அவ்வளவாக வராது. நாய் விடுதிகளில் பரவும் 'கென்னல் காஃப்' இருமலுக்கு மூக்கில் சொட்டு விடுகிறார்களே, அதன் காரணம் இதுதான். ஆக, ஃபுளூ ஊசி போட்ட நாய்க்கும் ஃபுளூ வரலாம். ஆனால் லேசாக வரும், நிமோனியா வரை போவது குறையும், பரப்புவதும் குறையும். "போட்டும் வந்துடுச்சே" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லா நாய்க்கும் கட்டாயம் என்ற பட்டியலில் இருப்பவை டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஆகிய வைரஸ்களுக்கான ஊசிகள். ஃபுளூ அதில் இல்லை, அது ஊரையும் நாயின் வாழ்க்கையையும் பொறுத்தது. வெறிநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் எந்த நாய்க்கும் தவறக் கூடாத ஊசி அது. 1953-லிருந்து வெறிநோய் இல்லாத சிங்கப்பூரில், பெரும்பாலும் வெளிநாடு போகும் நாய்க்குத்தான் அந்தப் பேச்சே வரும்.

எங்கள் மருத்துவரும் முதலில் கேட்டது, "வாரத்துக்கு எத்தனை நாயோட மூக்கை உரசுறான்?" என்றுதான். பீஷானில் உள்ள நாய்ப் பூங்காவுக்குத் தினமும் போகிற நாய், விடுதியில் மாதக்கணக்கில் தங்கும் நாய், வெளிநாட்டு நாய்களோடு பழகும் நாய் என்றால் என் பதில் போடலாம் என்பதே. பக், ஷி ட்ஸூ மாதிரி சப்பை மூக்கு, வயது ஏறியது, இதய நோய் உள்ளது என்றால் இன்னும் யோசிக்காமல் சொல்வேன். புட்டுவுக்கு மூக்கு சப்பைதான், ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒற்றை நாய், லிஃப்டில் பார்க்கும் மூன்று நாய்களைத் தவிர சிநேகிதம் கிடையாது. விடுதியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதனால் இப்போதைக்கு ஊசி இல்லை.

ஈசூனில் இருக்கும் பெரியம்மா வீட்டில் விடப்போகிறோம். அங்கே ஒரு பூனை இருக்கிறது. 2024 செப்டம்பரில் வீவக வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்த பிறகுதான் பெரியம்மா அதை வெளியே சொல்லவே ஆரம்பித்தார். ஹெச்3என்2 பூனைக்கும் தொற்றும். அதனால் புறப்படுவதற்கு முந்தைய மூன்று வாரம் பிற நாய்கள் வந்துபோகும் முடிவெட்டும் கடை புட்டுவுக்குக் கிடையாது. முடி கண்ணை மறைக்கிறது, ரப்பர் பேண்ட் போட்டு உச்சியில் குடுமி கட்டிவிட்டிருக்கிறேன்.