மடக்குக் கத்தியின் வயதை முத்திரை மட்டும் சொல்லாது

பழைய மடக்குக் கத்திகளைப் பார்த்துக் காலமும் மதிப்பும் சொல்வது என் தொழில். கொண்டுவருபவர்களில் பலர் வருவதற்கு முன்பே பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அலகின் அடியில், பிடியை ஒட்டிய இடத்தில் தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும். மெருகேற்றும்போது முதலில் மழுங்குவது அதுதான்.

முத்திரை தெளிவாக இருந்தாலும் அதை நான் அப்படியே நம்பிவிடுவதில்லை. அமெரிக்காவில் கத்தி தயாரிக்கும் கேஸ் (Case) நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 1940 முதல் 1964 வரை 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று மட்டும் பொறித்தார்கள். 1965இல் 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வந்தன. ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1979இல் ஒரு புள்ளி மிஞ்சியது. 1980இல் பெயரிலுள்ள 'எஸ்' எழுத்தை மின்னல் வடிவத்துக்கு மாற்றி, மறுபடியும் பத்திலிருந்து தொடங்கினார்கள். ஆகவே ஏழு புள்ளி என்றால் பழைய எழுத்தில் 1973, மின்னல் எழுத்தில் 1983.

இவ்வளவு ஒழுங்கான கணக்கு ஏமாற்றுபவனுக்கும் வசதிதான். புள்ளிகளைத் தேய்த்து அழித்துவிட்டால் எழுபதுகளின் கத்தி அறுபதுகளுக்குப் போய்விடும், 'யு.எஸ்.ஏ.'வையும் அழித்தால் இன்னும் பின்னால். அதனால் முத்திரையைப் படிப்பதற்கு முன் அந்த இடத்தின் கனத்தைப் பார்க்கிறேன். தேய்த்த இடம் மெலிந்து, பக்கத் தகட்டுக்கும் அலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். இரண்டு அலகுகளில் ஒன்று சாணை பிடித்துத் தேய்ந்திருக்க, மற்றது புத்தம் புதிதாக இருந்தால், மாற்றிப் பொருத்தியதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நாட்டின் பெயரும் உதவும். 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்காவுக்கு வரும் அயல்நாட்டுப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் கட்டாயமானது. 'ஜெர்மனி' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. பெயர் இல்லை என்பதால் மட்டும் முந்தையது என்று சொல்லிவிட முடியாது. வேறு நாடுகளில் விற்கச் செய்தவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதே. பிரான்சின் ஒப்பினெல் கத்தியில், விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு வளையமும் இப்படித்தான். அது 1955இல் வந்தது. ஆனால் சிறிய அளவுகளில் இன்றும் வளையம் கிடையாது. வளையம் இல்லாத சின்னக் கத்தியை 'அரிய பழசு' என்று விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உலோகத்தையும் கவனியுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913இல். சுவிஸ் கத்தி நிறுவனம் ஒன்றின் விக்டோரியா என்ற பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது 1921இல். இத்தகைய அலகுள்ள கத்தியை 'பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கத்தி' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

பிடி எதனால் ஆனது என்று சோதிக்கச் சூடான ஊசியால் குத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். பழைய பிடிகளில் பல செல்லுலாய்டு என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக், எளிதில் தீப்பற்றும். செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் அமில ஆவி கிளம்பி, அதே பெட்டியிலுள்ள மற்றக் கத்திகளின் அலகும் துருப்பிடிக்கும். பிடியில் விரிசலோ, பக்கத்து அலகில் காரணமில்லாத துருவோ தெரிந்தால், அந்தக் கத்தியை அன்றே பிரித்தெடுத்துக் காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள்.