தொங்கும் வடத்தின் கணக்கு

தன்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பலை இழுவைக் கப்பல் எப்படி இழுக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இழுப்பதில் அதிசயமில்லை. மிதக்கும் பொருளை மெல்ல நகர்த்த, அதன் எடையில் சிறு பங்கு விசையே போதும். அலை இரு கப்பல்களையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப்போடும்போது நடுவிலுள்ள வடம் ஏன் அறுவதில்லை? எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

1944 அக்டோபர் 14 அன்று தைவான் அருகே ஜப்பானிய டார்பிடோ தாக்கி அமெரிக்கப் போர்க்கப்பல் ஹூஸ்டன் செயலிழந்தது. முதலில் இன்னொரு போர்க்கப்பல் இழுத்தது. பிறகு பானி என்ற கடற்படை இழுவைக் கப்பல் வடத்தை வாங்கிக்கொண்டது. 16-ஆம் தேதி ஹூஸ்டன்மீது மற்றொரு டார்பிடோ. பானி விட்டுவிட்டுப் போகவில்லை. அதே வகையைச் சேர்ந்த ஜூனியும் கைகொடுக்க, 27-ஆம் தேதி பசிபிக்கில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்த உலிதி தீவை அடைந்தார்கள். ஹூஸ்டன் 186 மீட்டர் நீளம். பானியும் ஜூனியும் 62 மீட்டர்தான்.

சரி, வடத்துக்கு வருவோம். துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நடுவில் கொஞ்சம் தொங்கும். அந்தத் தொய்வுதான் இங்கே ஸ்பிரிங். கப்பல்கள் விலகினால், வடம் அறுவதற்கு முன் தண்ணீருக்குள்ளிருந்து மேலே எழும். நெருங்கினால் மறுபடி அமிழும்.

ஒரு கணக்குப் போடலாம். தண்ணீரில் மீட்டருக்கு 9 கிலோ எடையுள்ள எஃகு வடம். கப்பல்களுக்கு இடையே 500 மீட்டர். இழுவிசை 14 டன் என்றால் நடுவில் 20 மீட்டர் தொங்கும். வளைவில் ஒளிந்திருக்கும் உபரி நீளமோ வெறும் 2 மீட்டர். பெரிய அலை ஒன்று போதும், தீர்ந்துவிடும்! இடைவெளியை 1,000 மீட்டர் ஆக்குங்கள். அதே 14 டன்னில் தொய்வு 80 மீட்டர், உபரி 17 மீட்டர். நீளம் இரண்டு மடங்கு, கையிருப்பு எட்டு மடங்கு! ஆழம் குறைந்த இடத்தில் வடம் தரையில் உரசும் என்பதால், கரை நெருங்கும்போது சுருட்டிக் குறைத்துக்கொள்வார்கள்.

போருக்குப் பின் ஜூனி, தமரோவா என்ற பெயரில் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குப் போனது. 1991 பெரும்புயலில் விழுந்த ஹெலிகாப்டரின் ஐந்து பேரில் நால்வரை மீட்டது. பெரிய பீரங்கிக் கப்பல் என்றால் அருங்காட்சியகமாக்கக் காசு புரளும். இதற்கும் முயன்றார்கள், நடக்கவில்லை. 2017-ல் நியூ ஜெர்சிக்கு அப்பால் மூழ்கடித்துவிட்டார்கள். இப்போது அதில் மீன்கள் குடியிருக்கின்றன.