தேய்ந்த யானையும் திருநீறு தேய்த்த ரூபாயும்

மும்பையில், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பாட்டியின் பூஜைப் பெட்டியைக் கவிழ்த்தால், குங்குமம் அப்பிய ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று கிடைக்கலாம். அதைக் கோட்டைப் பகுதி நாணயக் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் யாராவது திருநீற்றை வைத்துப் பளபளவெனத் தேய்த்துவிடுவார்கள். கடைக்காரர் முகம் சுருங்குவது அதனால்தான். நாணயத்தின் தரத்தைச் சொல்வது பளபளப்பு அல்ல, அந்த வெளிச்சம் நகரும் விதம்.

நாணயம் அடிக்கும் தங்கசாலையில் இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லை நசுங்கும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடுகிறது. ஓடி ஓடி அச்சின் முகத்தில் மிக நுண்ணிய வரிகளை உண்டாக்க, அவை அடுத்தடுத்த நாணயங்களிலும் பதிகின்றன. புழங்காத நாணயத்தை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றினால், அந்த வரிகளில் பட்ட ஒளி சைக்கிள் சக்கரக் கம்பிபோலச் சுற்றி வரும். விரல் பட்டு, பை உரசி வரிகள் மழுங்கிய இடத்தில் அந்தக் கம்பி அறுந்துபோகும். முதலில் அறுவது மேடான இடங்களில்தான்.

பார்ப்பதற்கு ஒற்றைப் பல்பு போட்ட மேசை விளக்கு வேண்டும். டியூப் லைட் வெளிச்சம் பரவிக் கீறலை மறைத்துவிடும். 5 மடங்கு லென்ஸ் போதும்; 10 மடங்கில் பார்த்தால் தூசுக் கீறலும் வாய்க்காலாகத் தெரிந்து, நல்ல நாணயத்துக்கும் குறைந்த தரம் போட்டுவிடுவோம். கீழே துணி விரித்து, விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பார்க்க வேண்டிய மேடுகள் மன்னரின் புருவம், கன்னம், அவர் அங்கியில் உள்ள யானை. 1911இல் வந்த முதல் அச்சில் துதிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரிய, எதிர்ப்புக் கிளம்பி, 1912இல் திருத்தப்பட்டது இந்த யானைதான். இப்போது அது நமக்கு அளவுகோல். யானையின் வயிற்றில்கூட ஒளி அறுபடாமல் ஓடினால் புழங்காத நாணயம்: நாணயத் தரத்துக்கு 1 முதல் 70 வரை எண் தரும் ஷெல்டன் அளவில் 60 முதல் 70 வரை. வயிற்று மேட்டில் மட்டும் லேசான சாம்பல் நிறம் தெரிந்தால் ஏயூ (ஏறக்குறைய புழங்காதது), 50 முதல் 58 வரை. காது, கால் கோடுகள் தெரிந்தும் மேடுகள் வழுவழுப்பாகி, பள்ளங்களில் மட்டும் ஒளி தங்கியிருந்தால் எக்ஸ்எஃப் (மிக மிக நன்று), 40 அல்லது 45. உருவம் மிஞ்சி உள்கோடுகள் அழிந்திருந்தால் விஎஃப் (மிக நன்று), 20 முதல் 35 வரை. யானை வெறும் கட்டியாகிவிட்டால் அதற்கும் கீழே.

இதில் ஒரு பொறி உண்டு. அச்சு சரியாக அழுந்தாத நாணயத்திலும் யானை மங்கலாகத்தான் இருக்கும். அதைத் தேய்மானம் என்று எழுதிவிடக் கூடாது. அழுந்தாத இடம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், ஒளியும் நகரும். தேய்ந்த இடம் மழமழவென்று செத்த நிறத்தில் கிடக்கும்.

திருநீறு, புளி, பற்பசை எது தேய்த்தாலும் ஒரே திசையில் இணையாக ஓடும் மயிரிழைக் கீறல்கள் விழும். சுழற்றும்போது கம்பிக்குப் பதில் பரப்பு முழுதும் ஒரேயடியாக மின்னும். வெள்ளி கழுவும் திரவத்தில் முக்குபவர்கள் தப்பித்தோம் என நினைக்கிறார்கள். அமிலம் கறையோடு அந்த வரிகளின் முகட்டையும் கரைத்துவிடும். அடிக்கடி முக்கிய நாணயம் வெளுத்து, உயிரற்றுக் கிடக்கும். இப்படிப்பட்டவற்றுக்குத் தரநிர்ணய நிறுவனங்கள் எண் தராமல் 'டீடெய்ல்ஸ்' என்று மட்டும் எழுதி ஒதுக்கும். எக்ஸ்எஃப் உருவம் இருந்தும் தேய்த்துத் துலக்கியதைவிட, கறுத்துப்போன விஎஃப் நாணயமே மேல் என்பது எங்கள் கட்சி.

நம் வீட்டு நாணயங்களுக்கே உரிய இன்னொரு சோதனை, விளிம்பு. காசுமாலையில் இருந்தது என்றால் தலைக்கு மேலே பற்றவைத்த தடமோ, துளையை அடைத்த மேடோ இருக்கும். விளிம்புப் பற்கள் அங்கே மட்டும் அழிந்திருக்கும். எடையும் பாருங்கள்: முழு ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நன்கு தேய்ந்தது சற்றுக் குறையும். உருவம் கூர்மையாக இருந்தும் எடை ஒத்துவராவிட்டால் வார்ப்புப் போலியாக இருக்கலாம்.

குங்குமத்தை என்ன செய்வது? சுரண்ட வேண்டாம், அந்தத் துகள்களே கீறும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி உதிரவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அகற்றும் கலவை கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, பூஜை விளக்கிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். பிறகு துணியால் ஒற்றினால் போதும்.

மும்பை மழைக்காலத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். பிவிசி உறையில் போட்டால் நாளடைவில் பச்சைப் பிசின் கசியும். மைலார் எனும் பாலியஸ்டர் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியின் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டுவிடும்.