பெட்டிக்குள் மூன்றாம் தடவை

போன மாதம் பென்னாகரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் செல்போனில் ஏதோ விண்வெளிச் சாகசத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தான். கதையில் வேற்றுக்கிரகத்தார் விட்டுப்போன ஒரு பெட்டி. சாகக் கிடப்பவனை உள்ளே படுக்க வைத்து மூடினால், கொஞ்ச நேரத்தில் காயமெல்லாம் ஆறி எழுந்து வருகிறான். முதல் தடவை உயிர் பிழைக்கப் போகிறான். இரண்டாம் தடவை ஏதோ சிராய்ப்புக்கு. மூன்றாம் தடவை உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் போகிறான். அப்புறம் அதை விட்டு அவனால் இருக்க முடியவில்லை.

"மாமா, அந்தப் பெட்டி உடம்புல இருக்கிற எல்லாத்தையும் சரி பண்ணுதில்ல? அப்ப இந்த அடிமைப் பழக்கத்தை மட்டும் ஏன் சரி பண்ணல?"

சட்டென்று பதில் வரவில்லை. வந்தது எங்கள் ஆயாவின் ஞாபகம்.

எங்கள் பக்கத்துக் கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தார்கள். பல்லில் காவி ஏறும். இன்னும் நாள்பட்டால் எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான். ஆயாவுக்கு அதனால் வந்த வலியா, வயசால் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. முழங்கால் மடங்காது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

சந்தையில் ஒருவர் மூட்டுவலிக்குப் பொடி விற்றார். தினசரித் தாளில் முக்கோணமாக மடித்த பொட்டலம், ஒரு வேளைக்கு ஒன்று. மூன்றாம் நாள் ஆயா தானே எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டினார். பத்து நாளில் களி கிண்டினார். பசி எடுத்தது, முகம் உருண்டையானது, தெருவே "ஆயா தேறிட்டாங்க" என்றது. எட்டு மாதம் இப்படி ஓடியது. அதன்பின் பொடிக்காரர் சந்தைக்கு வரவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆயாவுக்கு வாந்தி, தலைசுற்றல், பாயிலிருந்து எழ முடியவில்லை. பழைய வலி திரும்பியதைவிட மோசம். உருண்டை முகத்தையும், தொட்டாலே கன்றிப்போகிற தோலையும் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பொடி ஏதாவது சாப்பிட்டீங்களா?"

பொடியில் இருந்தது ஸ்டீராய்டு.

இந்த மருந்தின் பிறப்பே விண்வெளிக் கதை மாதிரிதான். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையிலேயே கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கே போய்வந்தார். 1950இல் ஹென்ச், கெண்டால், ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. பக்க விளைவுகள் வெளியே வந்தபோது அதிசயம் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனாலும் சரியான நோய்க்கு, சரியான அளவில், இன்றைக்கும் அது உயிர் காக்கிற மருந்துதான். முக்கோணப் பொட்டலத்தில் பெயரும் இல்லை, அளவும் இல்லை என்பதுதான் கோளாறு.

உள்ளே நடப்பது இது. சிறுநீரகங்களின் தலைமேல் அட்ரினல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள். அவை கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன; ரத்த அழுத்தம், சர்க்கரை, நோய் வந்தால் தாங்குகிற தெம்பு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எவ்வளவு சுரப்பது என்பதை மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சொல்லும். ரத்தத்தில் கார்டிசால் குறைந்தால் "சுரந்து விடு" என்று தூது அனுப்பும், கூடினால் பேசாமல் இருந்துவிடும். அதே வேலையைச் செய்கிற சரக்கு வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்து இறங்கினால்? தூது நின்றுபோகிறது. வேலை இல்லாத அட்ரினல் சுருங்குகிறது. திடீரென்று பொட்டலத்தை நிறுத்தினால் வெளிவரத்தும் இல்லை, உள்வரத்தும் இல்லை. அதனால்தான் டாக்டர் ஆயாவுக்கு அதே வகை மாத்திரையைக் கொடுத்தே, மாதக்கணக்கில் துளித்துளியாகக் குறைத்தார். "விஷம்னு சொன்னீங்க, அதையே குடுக்கறீங்களே" என்று சித்தப்பா சண்டைக்கே போய்விட்டார்.

பெட்டிக்கும் இது பொருந்தும். காயம் ஆற்றுகிற வேலையை முழுசாக ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டால், அந்த வேலைக்கென்று உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடுகள் சோம்பிப் போகும் என்று ஊகிப்பதில் தப்பில்லை. வெளியே வந்து ரெண்டு நாளில் கதாநாயகனுக்கு நடுக்கம் எடுப்பது சரியான அறிவியல்தான்.

ஆனால் ஆயா அந்தப் பொடிக்கு அடிமையாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். உடம்பு அதைச் சார்ந்து இருந்தது; இது வேறு, அடிமையாவது வேறு. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால்கூடச் சிலருக்கு அழுத்தம் எகிறும். அதற்காக அந்த மாத்திரைக்காக ஏங்கி யாரும் பொய் சொல்வதில்லை. காயமே இல்லாதவனை மூன்றாம் தடவை பெட்டிக்குள் இழுத்தது மூளையில் நடந்த சங்கதி.

அங்கே டோபமைன் வருகிறது, மூளையின் நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கிற ஒரு ரசாயனம். இதை "இன்ப ரசாயனம்" என்று எழுதி எழுதியே கெடுத்துவிட்டார்கள், என்னையும் சேர்த்துத்தான். உல்ஃபிராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் செல்களை, அதாவது அதைச் சுரக்கிற செல்களை, கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல்கள் துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்கு எரியும்போதே துடிக்கும், சாறு வரும்போது சும்மா இருக்கும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். ஆக அது சொல்வது "இனிக்கிறது" என்பதை அல்ல, "நினைத்ததைவிடக் கூட, நினைத்ததைவிடக் குறைவு" என்ற கணக்கை. கென்ட் பெர்ரிட்ஜ் என்ற இன்னொரு ஆய்வாளரின் எலிகள் இன்னும் தெளிவு. டோபமைன் ஏறக்குறைய இல்லாமல் செய்த எலி, சோற்றுக்கு நடுவில் இருந்தும் எடுத்துத் தின்னாது. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் முன்பு மாதிரியே ருசித்து நக்கும். பிடித்திருப்பது ஒரு ஏற்பாடு, வேண்டும் என்று தவிப்பது இன்னொரு ஏற்பாடு. அடிமைத்தனத்தில் வீங்குவது இரண்டாவது. பெட்டி பிடிக்காமல் போன பிறகும் கால் அங்கேதான் போகும்.

உயிர் மீட்கிற ஒன்றுக்கே அடிமையாவது கதையில் மட்டும் நடப்பதில்லை. பார்க்கின்சன் நோயில் டோபமைன் செல்கள் செத்துப்போய், கை கால் உறைந்துவிடும். 1960களில் லெவோடோபா வந்தது. மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற மருந்து. சிலையாக உட்கார்ந்திருந்தவர்கள் நடந்தார்கள். அதில் ஒரு சிறு பகுதியினர் மட்டும், நடப்பதற்குத் தேவையானதைத் தாண்டி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கட்டுமீறி உடம்பு ஆடினாலும் விடுவதில்லை, வீட்டுக்குத் தெரியாமல் பதுக்குகிறார்கள். லண்டன் மருத்துவர்கள் 2000இல் இதைத் தனிக் கோளாறாகவே விவரித்தார்கள். இதில் யாரும் வில்லனாக மாறுவதில்லை. தொடர்களில் பெட்டிக்குள் போனவன் கொடுங்கோலன் ஆகிவிடுவது எனக்குச் சோம்பேறித்தனமான எழுத்தாகப் படுகிறது. நிஜத்தில் எரிச்சல், மாத்திரை எண்ணுவது, சில்லறைப் பொய். பார்க்கச் சலிப்பாக இருக்கும், அதனால் படம் எடுக்க மாட்டார்கள்.

இப்போது பையனின் கேள்விக்கு வரலாம். பெட்டி ஏன் அதைச் சரிசெய்யவில்லை? ஏனென்றால் அது பழுது அல்ல, பாடம். மூளை எதைக் கற்றாலும் நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுக்கின்றன அல்லது தளர்கின்றன. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிகளுக்கு ஒரே ஒரு முறை கோகைன் கொடுத்துப் பார்த்தார்கள்; டோபமைன் செல்களுக்கு வரும் இணைப்புகள் வலுப்பட்டு, ஐந்து நாள் அப்படியே இருந்தன. கற்றலில் நடக்கும் அதே வகை மாற்றம். ஆற்றுக்குப் போகும் வழியை நீங்கள் கற்றதும் இப்படித்தான், அம்மா குரலைக் கற்றதும் இப்படித்தான். கிழிந்த ஈரலைப் பெட்டி தைக்கலாம்; பக்கத்து ஈரல் செல் எப்படி இருக்கிறதோ அப்படி இதையும் ஆக்கினால் போதும். ஒரு இணைப்பைப் பார்த்து இது நோயா, நினைவா என்று அது எதை வைத்துப் பிரிக்கும்? எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளினால் பழக்கம் போகும், கூடவே அந்த ஆளும் போய்விடுவான்.

"அப்ப அதியமான் நெல்லிக்கனி?" என்றான் பையன். தகடூர்க்காரனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா. அது ஒற்றைக் கனி, அதனால் ஔவை தப்பித்தார் என்றேன். தோட்டமே இருந்திருந்தால் கதை வேறு.

ஆயா பொடியை விட்டு ஒரு வருஷம் கழித்து, அக்கா கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து கொடுத்தாள். அர்ச்சகர் தினசரித் தாளைக் கிழித்து, முக்கோணமாக மடித்துக் கொடுத்தது. ஆயா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிரிக்காமலேயே, "கண்ணு, ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார்.