ஏற்றுமதி செய்தால் நிறுவனம் தேறுமா?

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனங்கள், உள்ளூரோடு நின்றுவிடுபவற்றைவிடப் பெரியவை, உற்பத்தித்திறன் மிக்கவை, ஊதியமும் கூடுதலாகத் தருபவை. அமெரிக்கத் தொழிற்சாலைத் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் ஆண்ட்ரூ பெர்னார்டும் பிராட்ஃபோர்ட் ஜென்சனும் 1990களில் இதைக் காட்டினார்கள். படித்தால் எந்த அரசுக்கும் ஆசை வரும்: இளம் நிறுவனங்களை எல்லை தாண்ட வைத்துவிட்டால் போதுமே! ஆனால் கூடைப்பந்து வீரர்கள் உயரமாக இருப்பது பந்து ஆடியதாலா?

கொலம்பியா, மெக்சிகோ, மொராக்கோ தரவுகளை அலசிய 1998ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இந்த ஐயத்துக்கே வலுச் சேர்த்தது. ஏற்கெனவே திறமையாக இருந்தவைதான் ஏற்றுமதியில் இறங்கின. இறங்கியபின் செலவு குறைந்ததற்குப் பெரிதாகச் சான்று இல்லை.

முடிச்சை அவிழ்க்க நேரான வழி, யார் ஏற்றுமதி செய்வது என்பதைக் குலுக்கலில் விடுவது. டேவிட் அட்கின், அமித் கண்டேல்வால், ஆதம் ஒஸ்மான் மூவரும் எகிப்தின் ஃபுவா நகரில் அதைத்தான் செய்தார்கள். அங்கே இருப்பவை ஓரிருவர் நடத்தும் சின்னஞ்சிறு கம்பளத் தறிக்கூடங்கள். அவற்றில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து, பணக்கார நாடுகளில் விற்கும் கம்பளங்களுக்கான ஆர்டரைக் கொடுத்தார்கள். மானியம் இல்லை, ஆர்டர் மட்டும். 2017இல் வெளியான முடிவின்படி, ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் மற்றவர்களைவிட 16 முதல் 26 விழுக்காடு கூடியது.

விந்தை என்னவென்றால், ஒரு மணி நேரத்தில் நெய்யும் அளவு குறைந்துவிட்டது. கணக்குப்பிள்ளை பார்த்தால் உற்பத்தித்திறன் சரிந்ததாகவே எழுதிவைப்பார். உண்மையில் நுணுக்கமான வேலைக்கு நேரம் பிடித்தது. அதைச் சரிபார்க்க, இரு தரப்பாரையும் ஒரே தறியில், ஒரே நூலைக் கொண்டு, ஒரே வகைக் கம்பளம் நெய்யச் சொன்னார்கள். யார் நெய்தது என்று தெரியாமலே வல்லுநர்கள் மதிப்பிட்டார்கள். ஏற்றுமதி செய்தவர்களின் கம்பளம் தரத்தில் மேலாக இருந்தது. நேரமும் கூடுதலாகப் பிடிக்கவில்லை. ஓரம் கோணல், மூலை சரியில்லை என்பது போன்ற குறைகளை இடைத்தரகர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் பாடமாகியிருக்கிறது. எந்தக் கூறு பற்றிப் பேசினார்களோ அந்தக் கூறு மேம்பட்டது.

கனடாவிலும் இதன் சாயல் உண்டு. அமெரிக்காவுடன் செய்துகொண்டு 1989இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தத்தால் அமெரிக்காவின் இறக்குமதி வரி குறைந்தபோது ஏற்றுமதிக்குத் தூண்டப்பட்ட தொழிற்சாலைகளை லிலீவாவும் ட்ரெஃப்லரும் ஆராய்ந்தார்கள். புதுப் பொருள்களையும் நவீன எந்திர முறைகளையும் கொண்டுவந்து அதிகம் தேறியவை, தொடக்கத்தில் பின்தங்கியிருந்தவையே.

இளமைக்கும் இதில் பங்குண்டு. ஃபின்லாந்தின் மின்னணு நிறுவனங்களைப் பற்றிய 2000ஆம் ஆண்டு ஆய்வில், சிறு வயதிலேயே வெளிநாடு போனவற்றின் அயல்நாட்டு விற்பனை வேகமாக வளர்ந்தது. பழைய நிறுவனம் முதலில் தன் வழக்கங்களை மறக்க வேண்டியிருக்கிறது. என்றாலும் கையிருப்பு குறைந்த இளம் நிறுவனம், ஒரு பெரிய சரக்கு திரும்பி வந்தாலே படுத்துவிடும்.

ஏற்றுமதி உதவிக்கு வரும் விண்ணப்பங்களில் முன்வரிசையை மட்டும் பொறுக்கும் அரசு, எப்படியும் போகக்கூடியவற்றுக்கே செலவழிக்கிறது என்பது என் கணிப்பு. தகுதி உள்ளவை அதிகமாகவும் பணம் குறைவாகவும் இருக்கும்போது சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். திட்டம் பலன் தந்ததா என்பதும் சில ஆண்டுகளில் தெரிந்துவிடும்.