ஆப்கானியக் ‘குடி’யும் ‘பழங்குடி’யும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி, 2021இல் காபூல் தாலிபான் கைக்குப் போனதை அலசும் கட்டுரைகள் தமிழில் வருகின்றன. ஆப்கானிஸ்தான் ஒரு பழங்குடி நாடு என்றும், ஆகவே மக்களாட்சி அங்கே வேரூன்றாது என்றும் அவற்றில் திரும்பத் திரும்பப் படித்துச் சலித்துவிட்டேன். அந்த ‘ஆகவே’க்கு வழிவிடுவது, ‘டிரைப்’ (tribe) என்பதற்குப் ‘பழங்குடி’ என்ற பிழையான மொழிபெயர்ப்புதான்.

‘டிரைப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் இலத்தீனின் ‘டிரிபுஸ்’. ரோமானியக் குடியரசில் குடிமக்கள் எந்தப் பிரிவில் நின்று வாக்களித்தார்களோ அந்தப் பிரிவின் பெயர் அது; கி.மு. 241 முதல் அத்தகைய பிரிவுகள் 35 இருந்தன.

‘பழங்குடி’யும் தமிழில் தாழ்ந்த சொல் அன்று. ‘பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று’ என்னும் குறளில் அது தொன்றுதொட்டு வரும் நற்குடியைக் குறிக்கிறது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் வழியாகப் ‘பட்டியல் பழங்குடியினர்’ என்ற வழக்கு நிலைத்த பிறகு, அச்சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவோர் தோடரும் இருளரும் காணிக்காரரும்தான்; மலை, காடு, சிறு எண்ணிக்கை, அரசதிகாரத்துக்கு எட்டாத வாழ்வு என்பனவும் உடன் வந்துவிடுகின்றன. அந்தப் படத்தை ஆப்கானிஸ்தானின் பெரிய இனமான பஷ்தூன்கள்மேல் ஒட்டுவது எப்படிப் பொருந்தும்? 1747இல் காந்தகாரில் கூடிய ஜிர்கா (பெரியோர் கூட்டம்) அகமது ஷாவை அரசராக ஏற்றது முதல், ஆப்கானிய அரியணை பெரும்பாலும் பஷ்தூன்களின் துரானிப் பிரிவினரிடமே இருந்தது. கடைசி மன்னர் சாகிர் ஷா துரானிகளுள் பராக்சய் பிரிவினர். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஹமீது கர்சாய் பொப்பல்சய் பிரிவினர். நாட்டை ஆண்டவர்களையே பழங்குடியினர் என்று எழுதினால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்?

‘இனக்குழு’ என்று எழுதுவோரும் உண்டு. அதில் வேறொரு குழப்பம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆப்கானிய அரசமைப்பு பஷ்தூன், தாஜிக், ஹசாரா, உஸ்பெக் உள்ளிட்ட 14 இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இனக்குழு என்பது அவற்றுக்கே பொருந்தும். பொப்பல்சய், அச்சக்சய் போன்றவை பஷ்தூன் இனத்துக்குள் அமைந்த பிரிவுகள். தாஜிக்குகளிடமோ அத்தகைய வம்சாவளிப் பிரிவு பெரும்பாலும் இல்லை. ஊரும் பள்ளத்தாக்குமே அவர்களுக்கு அடையாளம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் யாருக்கும் யாருக்கும் பகை என்பதே விளங்காது.

தமிழ் விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். இஸ்ரவேலின் பன்னிரண்டு ‘கோத்திரங்கள்’ என்றே அவர்கள் எழுதினார்கள். யூதா பழங்குடி என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. நபிகள் நாயகம் பிறந்த குறைஷிக் ‘குலத்தார்’ என்று இஸ்லாமியத் தமிழ் நூல்களிலும் படித்திருக்கிறோம். ஆயினும் கோத்திரமும் குலமும் வடசொற்கள் என்பதோடு, இன்று சாதிவாடை படிந்தவை. என் தேர்வு ‘குடி’. அதன் உட்பிரிவுக்குக் ‘கிளை’. மதுவோடு குழம்புமே என்பார்கள். ‘பொப்பல்சய் குடியினர்’ என்று எழுதினால் அப்படி யாரும் படிக்கமாட்டார்கள். குடியாட்சி, குடிமகன், குடியரசு எல்லாம் பிறந்த வேரும் அதுவே.

சொல் திருந்தினால், மக்களாட்சி ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்வியும் திருந்தும். 2002 ஜூனில் காபூலில் கூடிய லோயா ஜிர்கா என்னும் நாடு தழுவிய பெருங்கூட்டத்தில் சாகிர் ஷாவை நாட்டுத் தலைவராக்கப் பலர் விரும்பினர். அமெரிக்கத் தூதரின் நெருக்குதலுக்குப் பின் சாகிர் ஷா விலகியதாக அறிவிக்கப்பட்டது. 2004 அரசமைப்பு மாகாண ஆளுநர்களை நியமிக்கும் உரிமையைக் குடியரசுத் தலைவரிடம் குவித்தது. அது உறுதியளித்த மாவட்ட அவைத் தேர்தல்கள் ஒருமுறையும் நடக்கவில்லை. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் பின்பற்றிய வாக்குமுறை கட்சிகள் வளர இடம் தரவில்லை. 2019இல் பதிவுசெய்த ஏறத்தாழ 96 லட்சம் வாக்காளர்களில் 18 லட்சம் பேரின் வாக்குகளே கணக்கில் ஏறின. இத்தனையும் கண்முன் இருக்க, ‘பழங்குடி நாடு’ என்ற இரண்டு சொற்களில் பழி முழுவதும் அம்மக்கள் தலையில் விழுகிறது. ஊர் ஜிர்காவில் பெண்களுக்கு இடமில்லை என்பது மறுக்க முடியாத குறை. அதைக் கண்டித்து எழுதவும் ‘பழங்குடி’ தேவையில்லை.

‘லோயா ஜிர்கா’வைப் ‘பழங்குடியினர் மாநாடு’ என்பதையும் விட்டுவிடலாம். பஷ்தோவில் ‘லோயா’ என்றால் பெரிய. ஜிர்கா என்பது பெரியோர் வட்டமாக அமர்ந்து, கைகளை எண்ணி வாக்கெடுக்காமல், பேசிப் பேசி இணக்கம் காணும் கூட்டம். மரத்தடியில் கூடி வழக்குத் தீர்த்த இடத்தை நாம் ‘மன்று’ என்றோம். பெருமன்று என்றே எழுதலாம்.